கையில் பிடிப்பதா, கண்ணில் படுவதா: கன்சோலில் எது பெரிது?

பாயான் பாரு வாசி
வெள்ளி, இரவு 9.12

கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தால்தான் கன்சோல், மற்றதெல்லாம் குழந்தைகளின் பொம்மை என்று நண்பர்கள் பேசுவதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்த இழை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு விளையாட்டு இயந்திரத்தின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதியது கையில் பிடிக்கும் கருவிதான். படத்தின் அழகுக்கு இரண்டாவது பந்திதான்.

2006ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 (சுருக்கமாக பிஎஸ்3), நிண்டெண்டோ வீ இரண்டும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முன்பே வந்துவிட்டது. சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் உயர்தெளிவுப் படத்தைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தபோது வீ வெறும் 480பி (480 வரிகள் மட்டுமே கொண்ட) படத்தோடு வந்து நின்றது. உள்ளே இருந்தது நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான 2001ஆம் ஆண்டுக் கேம்கியூப்பின் சிப் குடும்பம், சற்று வேகம் கூட்டப்பட்டு. ஆனால் கையில் ஒரு வெள்ளை ரிமோட்டைக் கொடுத்து "வீசு" என்றது. கடைசிக் கணக்கில் வீ 101 மில்லியன், பிஎஸ்3 87 மில்லியன்.

அந்த ரிமோட்டின் உள்வேலை எளிமையானது. தொலைக்காட்சிக்கு மேல் வைக்கும் பட்டையில் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும்தான். அவற்றைப் பார்ப்பது கையில் உள்ள ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறு கேமரா. பட்டை பழுதானவர்கள் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துச் சமாளித்ததுண்டு! வீச்சை உணர்வது ஒரு முடுக்கமானி. இவற்றில் எதுவும் அன்றைக்குக் கிடைக்காத சரக்கு அல்ல. யோசித்தவர்தான் இல்லை.

கைக்கருவிகளிலும் இதே கதைதான். 2004இல் தொடுதிரையோடு வந்த நிண்டெண்டோ டிஎஸ் 154 மில்லியன் விற்றது. படத்தில் அதைத் தூக்கிச் சாப்பிட்ட சோனியின் கைக்கருவி பிஎஸ்பி ஏறத்தாழ அதில் பாதி. இன்னும் முன்னே போனால் கேம்கியூப்பின் படத்திறன் பிஎஸ்2ஐவிட மேல். விற்றதோ 21 மில்லியன் சொச்சம். பிஎஸ்2 155 மில்லியனைத் தாண்டியது.

மறுப்பவர்கள் வரலாம். எண்ணோடு வாருங்கள்.

செராஸ் நாலாவது மாடி
வெள்ளி, இரவு 10.05

எண்ணோடுதான் வருகிறேன், ஐயா.

கேம்கியூப் கதையை நீங்களே உங்களுக்கு எதிராகச் சொல்லியிருக்கிறீர்கள். பிஎஸ்2 கண்ட்ரோலரில் அப்படி என்ன புதுமை? பழைய டூயல்ஷாக்கின் அச்சு. பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணரும் என்பது அதை ஆண்டுக்கணக்கில் விளையாடியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. டிவிடி ஓடியது, விளையாட்டுகள் குவிந்தன, வென்றது. இதில் கையும் இல்லை, கண்ணும் இல்லை.

புதுமைதான் வெல்லும் என்றால் வீக்கு அடுத்து வந்த வீ யூ ஏன் மண்ணைக் கவ்வியது? 2012இல், கண்ட்ரோலருக்குள்ளேயே 6.2 அங்குலத் தொடுதிரை. இதைவிடப் புதுமை வேண்டுமா? விற்றது 13.56 மில்லியன்தான். உடல் அசைவைக் கேமராவால் படிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010இல் முதல் 60 நாளில் எட்டு மில்லியன் போய்க் கின்னஸில் ஏறியது. அந்தத் தெம்பில் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு அதைக் கட்டாயமாகக் கட்டி 499 டாலருக்கு விற்றார்கள். பிஎஸ்4 பக்கத்திலேயே 399க்கு நின்றது. அடுத்த ஜூனில் கினெக்டைக் கழற்றிவிட்டு விலையை இறக்க வேண்டியதாயிற்று. 2017இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது.

உங்கள் ரிமோட்டைப் பற்றியும் ஒன்று. முதலில் வந்ததில் முடுக்கமானி மட்டும்தான்; திருப்பத்தை உணரும் கைரோ இல்லை. 2009இல் மோஷன்பிளஸ் என்று தனியாக ஒரு துண்டை விற்றார்கள். அதுவரை டென்னிஸ் ஆட எழுந்து நிற்கவே தேவையில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைச் சுண்டினால் பந்து போய்விடும். விளம்பரத்தில் குடும்பமே துள்ளியது, வீட்டில் சுண்டுவிரல் அசைந்தது.

கிராஃபிக்ஸ் என்றால் தண்ணீரில் வெயில் பளபளப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. செப்பாங் கார் பந்தயத் தடத்தின் கடைசித் திருப்பத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீண்ட நேர்ப்பாதை, முடிவில் கொண்டை ஊசி வளைவு, அதைத் தாண்டினால் மறுபடியும் நீண்ட நேர்ப்பாதை. ஃபார்முலா 1 விளையாட்டின் 2009 பதிப்பு வீயில் வந்தது. 2010 பதிப்பு பிஎஸ்3, 360இல் வந்தது. இரண்டிலும் செப்பாங் உண்டு, இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். முழு வேகத்தில் வரும்போது ஓரத்தில் நிற்கும் தூரப் பலகையை எவ்வளவு முன்னதாகப் படிக்க முடிகிறது என்பதுதான் அந்த வளைவில் எல்லாம். மங்கலான படத்தில் பலகை ஒரு வெள்ளைப் புள்ளி. எண் தெளிவதற்குள் சரளையில் கிடப்பேன். தெளிவான படத்தில் எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. படம் எனக்குத் தகவல் தருகிறது. அதை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள்.

பிறை மாணவன்
வெள்ளி, இரவு 10.31

நான் கைப்பேசியில்தான் விளையாடுகிறேன். இந்த இழையில் எனக்கு இடம் உண்டா?

செந்தூல் பழுதுமேசை
வெள்ளி, இரவு 11.48

தம்பிக்கு இடம் உண்டு, உட்காருங்கள்.

நான் பழுது பார்ப்பவன். என் மேசைக்கு வருவதை வைத்துத்தான் பேச முடியும். படம் மங்கலாக இருக்கிறது என்று கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்தவரை நான் பார்த்ததில்லை. படமே வரவில்லை என்று வருவார்கள்; அது தொலைக்காட்சிக் கம்பியைச் சொருகும் எச்டிஎம்ஐ வாய் உடைந்த கதை. மற்றபடி பை பையாக வருவது கண்ட்ரோலர்கள். அதிலும் முக்கால்வாசி ஸ்டிக் தானாக நகரும் நோய்.

அது என்ன என்று பலருக்குத் தெரியாது, சொல்கிறேன். கண்ட்ரோலரைத் திறந்தால் ஸ்டிக்கின் இரு பக்கங்களில் சின்னஞ்சிறு பெட்டிகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று மேல்கீழ் அசைவுக்கு, மற்றது இடவலத்துக்கு. பெட்டியின் மூடியை நெம்பினால் அரைவட்டமாகக் கறுப்புக் கரிப்பூச்சு. அதன்மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். நாக்கு நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும், கன்சோல் அதைத் திசையாகப் படித்துக்கொள்ளும். நாள்பட உரசிய இடத்தில் கரி தேய்ந்து பளபளக்கும், தூள் ஓரத்தில் சேரும். பிறகு நீங்கள் கையை எடுத்த பின்னும் உங்கள் ஆள் இடப்பக்கமாக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுவான். மென்பொருளில் நடுவில், அசைவைக் கணக்கில் எடுக்காத ஒரு செத்த வட்டம் வைத்து இதை மூடி மறைக்கலாம். நோய் முற்றினால் வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் நுணுக்கமாகக் குறிவைப்பது போய்விடும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் கண்ட்ரோலரான ஜாய்-கானில் இந்தத் தொல்லை எவ்வளவு பெரிதானது என்றால், 2020இல் நிண்டெண்டோ தலைவர் ஃபுருகாவாவே பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். இத்தனைக்கும் மாற்று வழி புதிதல்ல. 1998இல் சேகா டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் காந்தத்தை வைத்து அசைவை உணரும் ஹால் முறை இருந்தது. உரசல் கிடையாது, ஆகவே கரி தேயும் பேச்சே கிடையாது. அதை விட்டுவிட்டு எல்லோரும் கரிக்கே திரும்பினார்கள். விலைதான் காரணம் என்பது என் ஊகம்.

இப்போது புதுமைக்கு வருவோம். பிஎஸ்5 கண்ட்ரோலரில் டிரிகர் உங்கள் விரலை எதிர்த்துத் தள்ளும். வில்லை இழுத்தால் நாண் இறுகுவது விரலில் தெரியும். அருமையான வேலைதான். உள்ளே ஒவ்வொரு டிரிகருக்கும் ஒரு குட்டி மோட்டார், ஒரு திருகுப் பல்சக்கரம், ஒரு நெம்புகோல். நகரும் உறுப்பு கூடினால் உடையும் உறுப்பும் கூடும். எனக்கு வருமானம், உங்களுக்குச் செலவு. எனவே என் வாக்கு புதுமைக்கும் இல்லை, படத்துக்கும் இல்லை. கரி தேயாத ஸ்டிக்கை முதலில் எவன் பெட்டியோடு தருகிறானோ அவனுக்கு.

ஆயர் ஈத்தாம் அக்கா
சனி, காலை 7.20

நான் விளையாட்டில் பெரிய ஆள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வீ இருந்தது, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிஎஸ்2 இருந்தது. என் மாமியார் அதைத் தொட்டதே இல்லை. ஒருமுறை பிள்ளைகள் வற்புறுத்திக் கையில் கொடுத்தார்கள். இடக் கட்டைவிரல் நடப்பதற்கு, வலக் கட்டைவிரல் பார்ப்பதற்கு. உங்களுக்கெல்லாம் அது மூச்சு விடுவதைப் போலப் பழகிவிட்டது. முதன்முறை பிடிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டி முட்டி நடப்பான். மாமியார் கண்ட்ரோலரையே மேலே தூக்கினார், பார்வை உயரும் என்று. நாங்கள் சிரித்தோம், அவர் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீ வந்தபோது ஒன்றும் விளக்கவில்லை. பௌலிங் விளையாட்டைப் போட்டு, கைப்பட்டையை மாட்டிவிட்டு, பந்தைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது அடிப்பக்கப் பொத்தானை விடுங்கள் என்றேன். முதல் பந்து ஓரப் பள்ளத்தில் போனது. இரண்டாவதில் ஆறு கட்டைகள் விழுந்தன. அதற்குப் பிறகு அந்த ஆண்டு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த அத்தனை பேரையும் அவர் கூப்பிட்டுத் தோற்கடித்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் அவரும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை. பந்து வீசிக்கொண்டு ஒரு மதியம் முழுக்க இருந்தார்கள். படம் மங்கலா, பளிச்சா என்று யாரும் கேட்கவில்லை.

செராஸ் நாலாவது மாடி
சனி, காலை 9.02

அக்கா, கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமியார் இன்றைக்கும் அதை விளையாடுகிறாரா?

ஆயர் ஈத்தாம் அக்கா
சனி, காலை 9.40

இல்லை. பழைய தொலைக்காட்சி போனது, புதியதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் இல்லை. பெட்டி அலமாரியின் மேல் இருக்கிறது. அவருக்கு அலுத்துப்போனதாக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய கேசட்
சனி, நண்பகல் 12.15

இரு தரப்பும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். வெற்றிபெற்ற புதுமை கண்ணில் படுவதில்லை. தோற்றதுதான் வினோதமாக நினைவில் நிற்கிறது. 1989இல் வந்த பவர் குளோவ் கையுறையைச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிலுவைப் பொத்தான்? குன்பெய் யோகோய் 1982இல் மடக்கு வடிவ டாங்கி காங் கைக்கருவிக்காக அமைத்தது. பெரிய ஜாய்ஸ்டிக்கைச் சட்டைப்பைக் கருவியில் வைக்க முடியாது என்பதால் பிறந்தது. மறு ஆண்டு நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலில் ஏறியது. இன்றுவரை ஒவ்வொரு கண்ட்ரோலரிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. எங்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த மைக்ரோ ஜீனியஸ் செட்டிலும் அதே சிலுவைதான். அதைப் புதுமை என்று யாராவது எண்ணினோமா?

கிராஃபிக்ஸும் கட்டுப்பாடும் எதிரிகள் என்று வைத்துப் பேசுவதும் சரியில்லை. படம் முப்பரிமாணத்துக்குப் போனதும் எட்டுத் திசைச் சிலுவை போதவில்லை. 1996இல் நிண்டெண்டோ 64 கண்ட்ரோலரின் நடுவே ஒரு ஸ்டிக் முளைத்தது. சூப்பர் மரியோ 64இல் அதை மெல்லச் சாய்த்தால் மரியோ பூனைநடை போடுவான், முழுக்கத் தள்ளினால் ஓடுவான். மறு ஆண்டு சோனி இரண்டு ஸ்டிக்குகளை வைத்தது. அக்காவின் மாமியாரைத் துரத்தியது இந்த இரண்டாவது ஸ்டிக்தான். அதை உண்டாக்கியது முப்பரிமாணப் படம். கண் ஒரு படி ஏறினால் கை ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது, ஏற முடியாதவர் வெளியே நிற்கிறார்.

இன்னொன்று. முன்னோடிக் கண்ட்ரோலர் வைத்திருந்த நிண்டெண்டோ 64 விற்றது 33 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. முதல் பிளேஸ்டேஷன் 102 மில்லியன். ஏன்? பிளேஸ்டேஷனின் குறுந்தட்டில் 650 மெகாபைட் கொள்ளும்; நிண்டெண்டோ 64இல் சொருகும் கேட்ரிட்ஜில் அதிகபட்சம் 64. தட்டு அடிக்கச் செலவும் குறைவு. விளையாட்டு தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இது உலகக் காரணம். நம் ஊர்க் காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்: இரவுச் சந்தை. நகலெடுத்த அட்டைப்படத்தோடு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்த தட்டுகள். கேட்ரிட்ஜை அப்படி நகலெடுத்து அடுக்க முடியாது. பிறகு பிஎஸ்2 காலத்தில் தாமானுக்குத் தாமான் (குடியிருப்புக்குக் குடியிருப்பு) மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடும் கடைகள், பள்ளி விட்டதும் வின்னிங் லெவன் காற்பந்துக்கு வரிசை. அங்கே நின்ற பையன்கள் படத்துக்கும் வரவில்லை, கண்ட்ரோலருக்கும் வரவில்லை. சட்டைப்பையில் இருந்த சில்லறைக்குக் கிடைத்ததை விளையாடினார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். திருட்டுத்தட்டை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்
சனி, நண்பகல் 12.50

பழைய சங்கதியாகப் பேசலாம். எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

பிறை மாணவன்
சனி, மாலை 4.26

அண்ணன்மார்களே, என் வகுப்பில் கன்சோல் வைத்திருப்பவர்களைத் தேட வேண்டும். எல்லோரும் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டுதான். 2019 பிலிப்பீன்ஸ் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். வெறும் கண்ணாடி, அழுத்தினால் உள்ளே போகும் பொத்தான் ஒன்றுகூட இல்லை, என் கட்டைவிரலே திரையில் ஒரு பங்கை மறைக்கிறது. கட்டுப்பாட்டில் இதைவிட மோசமானது இல்லை. படமும் உங்கள் பிஎஸ்5க்குக் கால்தூசி பெறாது. ஆனாலும் நாங்கள் ஐந்து பேரும் இரவில் கூடுகிறோம். அதனால் இந்தச் சண்டை ஒரு தலைமுறைக்கு முந்தைய சண்டையோ என்று தோன்றுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பழைய கேசட்
சனி, மாலை 4.41

தம்பி, அந்தத் திரையின் இடப்பக்கம் உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறதே, அது 1996இன் ஸ்டிக். தலைமுறை மாறவில்லை, பிளாஸ்டிக்தான் போய்விட்டது.

பட்டர்வொர்த் ஆசிரியை
சனி, இரவு 8.33

சிறப்புக் கல்வி வகுப்பில் பணியாற்றுகிறேன். வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன்.

வலக்கை விரல்களை மடக்க இயலாத மாணவர் ஒருவர் இருக்கிறார். கூர்மையான பையன். அவருக்கு 4கே படமா, 480பி படமா என்ற கேள்வி எழுவதே இல்லை; கதவு அதற்கு முன்பே சாத்தியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018இல் அடாப்டிவ் கண்ட்ரோலர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பார்வைக்கு ஒன்றும் இல்லை: உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறுப்பு வட்டப் பொத்தான்கள். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. வரிசையாக 19 துளைகள், பழைய ஹெட்ஃபோன் துளையின் அளவில். ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்கு. அதில் கால்மிதியைச் சொருகலாம், முழங்கையால் தட்டும் பலகையைச் சொருகலாம், தலையைச் சாய்த்து அழுத்தும் சுவிட்சைச் சொருகலாம். சோனியும் 2023 டிசம்பரில் அக்சஸ் என்ற கண்ட்ரோலரை வெளியிட்டது. இந்த இழையில் இதுவரை யாரும் இவற்றைப் புதுமைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் கொண்டாடும் கைவீச்சு விளையாட்டுகள் அந்த மாணவருக்குச் சுவர். பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருந்த இடத்தில் "ரிமோட்டை வீசு" என்று கட்டாயப்படுத்தும் விளையாட்டை அவரால் ஆடவே முடியாது. பாட்டிக்குத் திறந்த கதவு அவருக்கு மூடிக்கொண்டது. எனக்குப் பிடித்த கட்டுப்பாடு எந்த விளம்பரத்திலும் வராதது: அமைப்புகள் பக்கத்தில் எந்தப் பொத்தானையும் எந்தப் பொத்தானாகவும் மாற்றிக்கொள்ளும் வசதி. அது எல்லா விளையாட்டிலும் இருந்தால் போதும், அதிர்வும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம்.

செந்தூல் பழுதுமேசை
சனி, இரவு 8.50

ஆசிரியை அவர்களே, அந்தத் துளைகளுக்குச் சாதாரண அழுத்துபொத்தானும் 3.5 மில்லிமீட்டர் முளையும் போதும். கடையில் சுவிட்சாக வாங்கினால்தான் விலை கடிக்கும். மாணவரின் கைக்கு எந்த அளவில் வேண்டும் என்று சொல்லுங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் செய்து அனுப்புகிறேன். கூலி வேண்டாம்.

பாயான் பாரு வாசி
ஞாயிறு, காலை 10.10

நேற்று முழுக்க வேலை, இன்றுதான் எல்லாவற்றையும் படித்தேன்.

கினெக்ட், வீ யூ இரண்டையும் நாலாவது மாடி எடுத்துக்காட்டியது செல்லாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் ஏன் சரிந்தன என்று பாருங்கள். வீயின் பெட்டிக்குள்ளேயே, ஜப்பான் நீங்கலாகப் பெரும்பாலான நாடுகளில், வீ ஸ்போர்ட்ஸ் இருந்தது. தட்டைப் போட்ட அரை நிமிடத்தில் அந்த ரிமோட் எதற்கு என்று புரிந்துவிடும். கினெக்டுக்கும் வீ யூவின் திரைக்கும் அப்படி ஒரு விளையாட்டு வாய்க்கவில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் வீ யூவின் திரை வரைபடம் காட்டும் பலகையாகத்தான் கிடந்தது.

2017இல் ஸ்விட்ச் வந்தபோது அதன் டெக்ரா எக்ஸ்1 சிப்புக்கு ஏற்கெனவே இரண்டு வயது. கையில் பிடித்தால் 720பி. 150 மில்லியனைத் தாண்டி விற்றிருக்கிறது. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவுக்கு அமெரிக்காவில் 699.99 டாலர் விலை வைத்தார்கள். பக்கத்தில் பிஎஸ்5ஐ வைத்து, நம் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்கும் தூரத்திலிருந்து எது எது என்று சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சொல்வார்கள்? படத்தில் இனி ஏறுவதற்குப் படிகள் சின்னவை, காசு மட்டும் பெரியது.

செராஸ் நாலாவது மாடி
ஞாயிறு, காலை 11.37

ஸ்விட்ச் வென்றது கட்டுப்பாட்டால் அல்ல. தொலைக்காட்சியிலிருந்து பிடுங்கிக்கொண்டு படுக்கைக்குப் போகலாம் என்பதால். ஜாய்-கானுக்குள் அகச்சிவப்புக் கேமராவே வைத்தார்கள். அதைப் பயன்படுத்திய விளையாட்டுகளைச் சொல்லச் சொன்னால் நீங்களே திணறுவீர்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வீ ஸ்போர்ட்ஸ் பற்றி நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் என் பக்கமே வந்துவிடும். வெளி நிறுவனம் ஒன்று பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே விளையாட்டை எழுதுகிறது. மூன்றிலும் பொதுவாக இருப்பதை வைத்துத்தான் எழுதும். டிரிகர் எதிர்த்துத் தள்ளுவது ஒன்றில்தான் உண்டு. அதற்காக ஒரு காட்சியை யார் வடிவமைப்பார்கள்? பேருக்கு ஒரு துப்பாக்கியில் வைத்துவிட்டு விடுவார்கள். அந்த டிரிகரின் முழு ருசி தெரிய வேண்டுமென்றால் இயந்திரத்தோடு வரும் ஆஸ்ட்ரோவின் பிளேரூமைத்தான் ஓட்ட வேண்டும், அது சோனியே எழுதியது. 2024இல் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டாக ஆஸ்ட்ரோ பாட் தேர்வானபோதும் இதுதான் நடந்தது: கண்ட்ரோலரைச் செய்தவனே விளையாட்டையும் செய்தான். கிராஃபிக்ஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. சிப் வேகமானால் பழைய விளையாட்டுக்குக்கூட நொடிக்குக் கூடுதல் படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) கிடைக்கும், யாரும் எதையும் புதிதாக எழுத வேண்டாம்.

ஆகவே கட்டுப்பாட்டுப் புதுமை நிண்டெண்டோவுக்குச் சோறு போடும், ஏனென்றால் தன் விளையாட்டைத் தானே எழுதுகிறது. மற்றவர்களுக்கு அது பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய கேசட்
ஞாயிறு, நண்பகல் 12.20

இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான வாதம் இது. ஒரு திருத்தம் மட்டும்: ஸ்டிக்கர் சில வேளை ஒட்டிக்கொண்டே தங்கிவிடுகிறது. 1997இல் ஸ்டிக்கோடு அதிர்வும் வந்தபோது அதுவும் விளம்பரச் சரக்குதான். இன்று அது இல்லாத கண்ட்ரோலரைக் கையில் எடுத்தால் பழுதோ என்று நினைக்கிறோம். பிஎஸ்3 முதலில் அதிர்வு இல்லாமல் வந்து, வாங்கிக்கட்டிக்கொண்டு, டூயல்ஷாக் 3இல் திருப்பிக்கொண்டு வந்தது. கைரோவும் அந்த வழியில்தான் போகிறது. 2015இல் நிண்டெண்டோவின் ஸ்பிளாட்டூன் விளையாட்டு அதை வைத்துக் குறிபார்க்கச் சொன்னது. ஸ்டிக்கால் பெரிதாகத் திரும்பி, மணிக்கட்டால் மயிரிழை சரிசெய்வது. பழகியவர்கள் திரும்பிப் போவதில்லை. ஸ்டீம் டெக் கைக்கருவியிலும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் வந்துவிட்டால் எல்லா நிறுவனமும் எழுதும்.

செராஸ் நாலாவது மாடி
ஞாயிறு, நண்பகல் 12.31

கைரோவை எதிர்க்க மாட்டேன். நானே பயன்படுத்துகிறேன், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா
ஞாயிறு, பிற்பகல் 3.05

நீங்கள் எல்லோரும் பேசியதைப் படித்துவிட்டு அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒரு கேள்வி. புதிய தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ துளை மட்டும்தான் இருக்கிறது. இதை எப்படி இணைப்பது? பிராங்கின் மாலில் ஏதாவது கிடைக்குமா?

செந்தூல் பழுதுமேசை
ஞாயிறு, பிற்பகல் 3.30

கிடைக்கும், அக்கா. வீயின் பின்புறத்தில் நேரடியாகச் சொருகும் சிறு மாற்றி ஒன்று உண்டு, "வீயிலிருந்து எச்டிஎம்ஐ" என்று கேளுங்கள். மூன்று வண்ணக் கம்பிகளைச் சொருகும் கறுப்புப் பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள், படம் இன்னும் மோசமாகும். தொலைக்காட்சியில் "கேம்" என்ற பட முறையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாமியார் பந்தை விட்ட பிறகு சற்றுத் தாமதித்துத்தான் திரையில் போகும். தன் கை தவறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

இயக்குவதற்கு முன் ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி உள்ளேயே இருந்தால் கசிந்திருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு உலோகத் தகட்டை மட்டும் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

செராஸ் நாலாவது மாடி
ஞாயிறு, பிற்பகல் 3.44

4கே திரையில் 480பி படம் மங்கலாகத்தான் தெரியும் அக்கா, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைப்பட்டையை மட்டும் மறக்காமல் மாட்டிவிடுங்கள். 2006இல் பட்டை அறுந்து ரிமோட் பறந்ததால் 3.2 மில்லியன் பட்டைகளை மாற்றிக் கொடுக்க முன்வந்தார்கள். அன்றைக்கு எதிரே நின்றது கனத்த குழாய்த் தொலைக்காட்சி. இன்றைக்கு உங்கள் வீட்டில் நிற்பது விரல் தடிமன்கூட இல்லாத திரை.

ஆயர் ஈத்தாம் அக்கா
ஞாயிறு, பிற்பகல் 4.10

பட்டை இருக்கிறது. தடித்த பட்டைதான். மாற்றிக்கு என்ன விலை சொன்னால் சரியான விலை?

செந்தூல் பழுதுமேசை
ஞாயிறு, பிற்பகல் 4.18

முதல் கடையில் வாங்காதீர்கள். மூன்று கடை ஏறி இறங்குங்கள்.